டேப்லெட் போர்டில் பேட்டரி கனெக்டர் உடைந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பக்கம் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு கடை ஏறுகிறவர்களும், வீட்டிலேயே சால்டரிங் அயர்னோடு உட்காருகிறவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. பேட்டரியின் ஒயரோ ரிப்பனோ போர்டில் வந்து மாட்டுகிற அந்தச் சின்ன கனெக்டரைப் பற்றி மட்டுமே இங்கே பேச்சு.

கனெக்டர் போயிடுச்சு, போர்டையே மாத்தணும்னு கடையில சொல்றாங்க. உண்மையா?

பெரும்பாலும் இல்லை. கனெக்டர் ஒரு பிளாஸ்டிக் துண்டும் நாலைந்து உலோகக் கால்களும்தான். அதை மாற்றலாம். வேலை எளிதா கடினமா என்பது அதன் அடியில் இருக்கும் பேட்களைப் பொறுத்தது. பேட் என்றால் கால்கள் பற்றவைக்கப்படும் செம்புத் திட்டு. பிளாஸ்டிக் மட்டும் உடைந்து பேட்கள் அப்படியே இருந்தால் அரைமணி நேர வேலை. ஒன்றிரண்டு பேட் பெயர்ந்திருந்தால் ஜம்பர், அதாவது மெல்லிய இணைப்புக் கம்பி போட்டுச் சரிசெய்யலாம். பாசிட்டிவ் பேட்டோடு போர்டின் உள் அடுக்கும் கருகியிருந்தால்தான் போர்டு மாற்றுகிற பேச்சே எடுக்க வேண்டும்.

உங்கள் படங்களும் கணக்குகளும் போர்டில் உள்ள மெமரி சிப்பில்தான் இருக்கின்றன. போர்டை மாற்றினால் அவையும் போய்விடும். ஆகவே சம்மதிக்கும் முன் மைக்ரோஸ்கோப்பில் அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற கடையில் கொடுக்க வேண்டாம்.

பழுது கனெக்டரிலா, பேட்டரியிலா, சார்ஜிங் போர்ட்டிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மல்டிமீட்டர் போதும். முதலில் பேட்டரியைக் கழற்றி அதன் பிளக்கில் வோல்டேஜ் பாருங்கள். ஒற்றைச் செல் டேப்லெட் பேட்டரியில் 3.7-லிருந்து 4.2 வரை வந்தால் பேட்டரி உயிரோடு இருக்கிறது. சில செல்கள் முழுச் சார்ஜில் 4.35, 4.4 வரை போகும். பூஜ்யம் காட்டினால் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பேட்டரியின் தலையில் உள்ள பாதுகாப்பு சர்க்யூட் வெளியீட்டைத் துண்டித்திருக்கலாம், ஒயரும் உள்ளே அறுந்திருக்கலாம்.

அடுத்து பேட்டரியை மாட்டிய நிலையில், போர்டில் கனெக்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனையில் பாருங்கள். பிளக்கில் 3.9 இருந்து இங்கே பூஜ்யமென்றால் கனெக்டரிலோ பேட்டிலோ இணைப்பு அறுந்திருக்கிறது. பிளக்கை விரலால் லேசாக அழுத்தும்போது வோல்டேஜ் வந்து, விட்டால் போனால் சந்தேகமே வேண்டாம்.

கடைசியாக, பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரை டையோடு மோடில் வைத்து, சிவப்பு முனையை கிரவுண்டிலும் (போர்டின் பொது நெகட்டிவ்) கறுப்பு முனையை ஒவ்வொரு பின்னிலும் வையுங்கள். பாசிட்டிவ் பின்னில் பொதுவாக 0.3-லிருந்து 0.6 வரை வரும். கெப்பாசிட்டர்கள் நிரம்ப நிரம்ப எண் ஏறிக்கொண்டே போவது இயல்பு. பூஜ்யத்தில் நின்று பீப் அடித்தால் போர்டில் ஷார்ட் இருக்கிறது. அதைத் தீர்க்காமல் புதுக் கனெக்டர் போட்டு என்ன பயன்?

கனெக்டரில் அஞ்சு, ஆறு பின் இருக்கு. எது எதுக்கு?

பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் கரண்ட் அதிகம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பின் ஒதுக்குவது வழக்கம். மிச்சம் இருப்பவை சிக்னல் பின்கள். அவற்றில் ஒன்று தெர்மிஸ்டர், அதாவது பேட்டரியின் சூட்டை அளக்கும் மின்தடை. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டுவது பரவலாகக் காணப்படும் வகை. சில மாடல்களில் பேட்டரியை அடையாளம் காட்டும் பின்னும், சார்ஜ் அளவைச் சொல்லும் சிப்புக்கான இரண்டு டேட்டா பின்களும் சேரும்.

இது எந்த வரிசையில் வருகிறது என்பதற்கு பொது விதி கிடையாது. ஒரே அளவு பிளக், ஒரே நிற ஒயர், ஆனால் பாசிட்டிவ் வேறு ஓரத்தில் இருக்கும். வேறு கம்பெனிப் பேட்டரி வாங்கும்போது சிவப்பு எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்த்து மாட்டுவது போதாது. மீட்டரில் பிளஸ், மைனஸ் பார்த்து, போர்டின் கிரவுண்டோடு ஒப்பிட்ட பிறகே மாட்டுங்கள். ஒரு நொடி தலைகீழாக மாட்டினாலும் பாதுகாப்பு டையோடு ஷார்ட் ஆகும், சில நேரம் பவர் ஐசியும் (போர்டின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிப்) சேர்ந்து போகும்.

இது எதனால் உடைகிறது?

கழற்றும்போதுதான். ஒயர் வைத்த கனெக்டரில் ஒயரைப் பிடித்து மேலே இழுப்பது முதல் காரணம். அந்த வகையில் படுக்கையாக இருக்கும் கனெக்டரில் பிளக்கைப் பக்கவாட்டில், போர்டுக்கு இணையாகத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். ரிப்பன் வகையில் இதற்கு நேர்மாறு: பிளக்கின் ஓரத்தில் பிளாஸ்டிக் நெம்பியை நுழைத்து நேராக மேலே தூக்க வேண்டும். அங்கே ஸ்க்ரூடிரைவர் நுழைத்தால் கனெக்டரே பேட்டோடு பெயர்ந்து வரும். நெம்பி சறுக்கினால் பக்கத்திலிருக்கும் கெப்பாசிட்டர்களும் போகும்.

உப்பிய பேட்டரி உள்ளிருந்து தள்ளுவது, டேப்லெட் கீழே விழுந்து பேட்டரி நகர்ந்து ஒயரை இழுப்பது, ஈரம் புகுந்து பின்கள் பச்சைப் பிடிப்பது எல்லாம் அதற்கு அடுத்த காரணங்கள்.

என்னென்ன சாமான் வேண்டும்?

வெப்பம் கட்டுப்படுத்தும் சால்டரிங் ஸ்டேஷன், ஹாட் ஏர் (சூடான காற்றை ஊதும் கருவி), மைக்ரோஸ்கோப் அல்லது குறைந்தது 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வளைந்த முனை ட்வீசர், 63/37 ஈயம் (63 பங்கு தகரமும் 37 பங்கு ஈயமும் கலந்த சால்டர்), நல்ல ஃப்ளக்ஸ் (கடையில் ‘பேஸ்ட்’ என்று கேட்டால் கொடுப்பார்கள்), செம்பு விக் (உருகிய ஈயத்தை உறிஞ்சும் பின்னல்), கேப்டன் டேப் (சூடு தாங்கும் டேப்), 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 0.1 மி.மீ. எனாமல் கம்பி, யூவி மாஸ்க் (காப்புப் பூச்சு), அதை உலர்த்தும் யூவி விளக்கு. பைப்பு, தகரம் பற்றவைக்கும் ஆசிட் பேஸ்ட்டை மட்டும் இதில் தொடவே கூடாது. அது பின்களை அரித்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்த அன்று நன்றாகத்தான் தெரியும், சில மாதத்தில் மறுபடியும் அதே டேப்லெட் மேசைக்கு வரும்.

அதே கனெக்டர் பெங்களூரில் எங்கே கிடைக்கும்? கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுதான். கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மொபைல் சாமான்களுக்கு மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டும் உண்டு.

ஒயர் வகையென்றால் பின் எண்ணிக்கை, பின்னுக்குப் பின் இடைவெளி, படுக்கையா நிற்பதா என்ற மூன்றும் சொன்னால் போதும். இடைவெளியை இப்படி அளக்கலாம்: முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை காலிபரால் அளந்து, பின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்க வேண்டும். 5 பின்னுக்கு 5 மி.மீ. வந்தால் இடைவெளி 1.25. அதுவே 4 மி.மீ. வந்தால் 1.0. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் மாற்றிப் போட்டால் ஓரத்துப் பின் பேட்டில் உட்காராது.

ரிப்பன் வகை இப்படிப் பொதுவாகக் கிடைக்காது. பின் இடைவெளி 0.4 மி.மீ. அளவில் இருக்கும். உயரம் இம்மி மாறினாலும் பிளக் பிடிக்காது. அதே மாடலின் டெட் போர்டு (வேலை செய்யாத பழைய போர்டு) வாங்கி அதிலிருந்து கழற்றிப் போடுவதே நிச்சயமான வழி. வாங்குமுன் அந்த டெட் போர்டின் கனெக்டர் வாயில் பின்கள் வளையாமல் வரிசையாக நிற்கின்றனவா என்று லென்ஸில் பாருங்கள்.

பழையதைக் கழற்றிப் புதியதைப் போடுவது எப்படி?

பேட்டரி டேப்லெட்டுக்குள் இருக்கும்போது ஹாட் ஏர் பிடிக்கவே கூடாது. போர்டை வெளியே எடுங்கள், எடுக்க முடியாவிட்டால் பேட்டரியை முழுதாக அகற்றுங்கள். லித்தியம் செல் 60 டிகிரியைத் தாண்டுவதே ஆபத்து. இங்கே நாம் பேசுவது 350 டிகிரியை.

சுற்றியுள்ள பிளாஸ்டிக் கனெக்டர்களைக் கேப்டன் டேப்பால் மூடுங்கள். ஃபேக்டரியில் போட்டது பெரும்பாலும் ஈயம் கலக்காத சால்டர். அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், 63/37 ஈயமோ 183-லேயே உருகிவிடும். அதனால் எல்லாக் கால்களிலும் பேஸ்ட் தடவி, 340 டிகிரி அயர்னால் கொஞ்சம் 63/37 ஈயம் கலந்துவிடுங்கள். லென்ஸில் பார்த்துக்கொண்டே இருந்தால், மங்கலாக மணல்மணலாக இருந்த சாம்பல் நிறம் சட்டென்று கண்ணாடி போல் பளபளக்கும். அந்தப் பளபளப்பு எல்லாக் காலிலும் வர வேண்டும்.

பிறகு ஹாட் ஏரை 350 டிகிரியில், காற்றைக் குறைத்து வைத்து, வட்டமாகச் சுற்றுங்கள். கனெக்டரின் இரண்டு ஓரத்திலும் அகலமான லக் இருக்கும். கனெக்டரை போர்டில் இறுக்கிப் பிடிப்பது அதுதான். பெரிய கிரவுண்ட் செம்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொண்டு கடைசியில்தான் உருகும். அடியில் பிரீஹீட்டர் வைத்து போர்டை 100 டிகிரிக்குக் கொண்டுவந்தால் இந்த லக் அடம்பிடிக்காது.

உருகியதா என்று பார்க்க ட்வீசரால் கனெக்டரைப் பக்கவாட்டில் ஒரு முடி அளவு தள்ளுங்கள். நகர்ந்து, விட்டதும் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பினால் எல்லாக் கால்களும் நீராக இருக்கின்றன. அப்போதுதான் தூக்க வேண்டும். நகரவில்லை என்றால் இன்னும் சூடு வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டுத் தூக்குவதால்தான் பாதிப் பேட்கள் பெயர்கின்றன. உடைந்து கொண்டுவந்த கனெக்டரை விட, இப்படிக் கழற்றும்போது பெயர்த்த பேட்தான் அதிக வேலை வைக்கும்.

138 டிகிரியில் உருகும் பிஸ்மத் சால்டர் கலந்தும் கழற்றலாம், பேட்டுக்கு அது இதம்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை. பிஸ்மத்தும் தகரமும் ஈயமும் சேர்ந்தால் 96 டிகிரி அளவிலேயே உருகும் கலவை உருவாகும், இறுகிய பின் எளிதில் நொறுங்கவும் செய்யும். கரண்ட் போகும் இடத்தில் அது மிச்சமிருக்கக் கூடாது. விக்கால் முழுக்க உறிஞ்சி, புது ஈயம் வைத்து, மறுபடியும் உறிஞ்சுங்கள்.

புதியதைப் போடும்போது பேட்களில் மெல்லிய ஈயப் பூச்சு போதும். கனெக்டரை நேராக உட்காரவைத்து லக் இரண்டையும் முதலில் பற்றவையுங்கள், பின்களுக்கு அப்புறம் வாருங்கள். ஈயம் அதிகமானால் பின்னோடு ஏறி கனெக்டர் வாய்க்குள் போய்விடும், பிளக் முழுதாக இறங்காது. முடிந்ததும் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவி, பத்து நிமிடம் காயவிட்டு, பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே பீப் வரவில்லை என்று பார்த்த பிறகே பேட்டரியைக் கிட்டக் கொண்டுவாருங்கள்.

டிசி பவர் சப்ளை இருந்தால் முதல் சோதனையை அதில் செய்யுங்கள். 4.0 வோல்ட், கரண்ட் வரம்பு 1 ஆம்பியர். பவர் பட்டனைத் தொடாதபோது முள் அநேகமாகப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் சில நூறு மில்லி ஆம்பியருக்கு ஏறி, ஏறி இறங்கி ஆடினால் டேப்லெட் பூட் ஆகிறது. பட்டனைத் தொடும் முன்பே நூறைத் தாண்டி நின்றால் எங்கோ கசிவு இருக்கிறது.

பேட் பெயர்ந்துவிட்டது. இனி என்ன?

எந்தப் பேட் என்பதைப் பொறுத்தது. சிக்னல் பேட் என்றால் அதிலிருந்து கிளம்பும் மெல்லிய தடத்தைப் பின்தொடர்ந்து போங்கள். பக்கத்திலேயே ஒரு ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் அல்லது டெஸ்ட் பாயின்ட்டில் போய்ச் சேரும். அங்கிருந்து கனெக்டரின் காலுக்கு 0.1 மி.மீ. எனாமல் கம்பியால் ஜம்பர் போட்டு, யூவி மாஸ்க் பூசி இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

கிரவுண்ட் பேட் என்றால் கவலையே வேண்டாம். பக்கத்தில் பச்சைப் பூச்சை பிளேடால் சுரண்டினால் செம்பு தெரியும், ஷீல்டின் (சிப்களை மூடும் தகடு) சட்டமும் கிரவுண்ட்தான்.

பாசிட்டிவ் பேட்தான் கவனம் கேட்கிறது. அங்கே அந்த 0.1 மி.மீ. கம்பியைப் போடுவது மிகப் பரவலான தவறு. கணக்கைப் பாருங்கள்: 2 செ.மீ. நீளத்துக்கு 0.1 மி.மீ. செம்புக் கம்பியின் தடை சுமார் 44 மில்லி ஓம். 2 ஆம்பியர் சார்ஜில் 88 மில்லி வோல்ட் அங்கேயே விழும், கம்பி சூடேறும். 0.5 மி.மீ. கம்பியில் அதே நீளத்துக்கு 2 மில்லி ஓம்கூட வராது. ஆகவே பாசிட்டிவுக்குத் தடிமனான கம்பி, முடிந்த அளவு குட்டையாக, பெரிய கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனை வரை.

லக் பேட்டும் போயிருந்தால் ஜம்பரை மட்டும் நம்பி கனெக்டரை விடக் கூடாது. அடியில் எபாக்ஸி வைத்து ஒட்டுங்கள். பிளக்கைச் செருகும்போது விழும் பாரத்தைப் பசை தாங்க வேண்டும், ஜம்பர் தாங்கக் கூடாது.

கனெக்டரே வேண்டாம், ஒயரை நேரா போர்டுல பத்தவச்சா போதாதா?

ஒயர் வகையில் செய்யலாம், ஓடும். ஆனால் அடுத்த முறை திரை மாற்ற வேண்டியிருந்தால், பேட்டரியைத் துண்டிக்க அயர்ன் எடுக்க வேண்டும். பேட்டரி இணைப்பில் இருக்கும்போதே திரையின் ரிப்பனைக் கழற்றினால் பேக்லைட் சர்க்யூட் போவது வாடிக்கை. உயிருள்ள பேட்டரியின் ஒயரைப் பற்றவைக்கும்போது இரண்டு ஒயரையும் ஒன்றாக உரிப்பதும் கூடாது. ஒன்றை உரித்துப் பற்றவைத்து மூடிய பிறகே அடுத்தது. முதலில் நெகட்டிவ், பிறகு சிக்னல், கடைசியில் பாசிட்டிவ். இன்னும் ஒன்று: தெர்மிஸ்டர் ஒயரை ‘தேவையில்லை’ என்று வெட்டிவிட்டுப் போகாதீர்கள்.

ரிப்பேர் பண்ணியாச்சு, ஆனா 30 சதவீதத்திலேயே அணைஞ்சு போகுது.

இணைப்பில் தடை இருக்கலாம். கனெக்டரில் 0.1 ஓம் தடை இருந்தால்கூட 2 ஆம்பியர் ஓடும்போது 0.2 வோல்ட் விழும். பேட்டரியில் 3.6 இருக்க, போர்டு 3.4 என்று பார்த்து அணைந்துவிடும். 0.4 வாட் சூடும் அந்தக் குண்டூசித்தலை அளவு இடத்தில் சேரும். டேப்லெட் சார்ஜ் ஆகும்போது மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரிலும் மற்றதைப் போர்டின் கெப்பாசிட்டரிலும் வையுங்கள். இருபது முப்பதுக்குள் இருந்தால் நல்லது. நூறைத் தொட்டால் மறுபடியும் பற்றவையுங்கள். நெகட்டிவ் பக்கத்தையும் இதேபோல் பாருங்கள், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆன் ஆகுது, சார்ஜ் மட்டும் ஏறவே மாட்டேங்குது.

தெர்மிஸ்டர் பின்னைப் பாருங்கள். அந்த இணைப்பு அறுந்தால் பேட்டரி உறைபனியில் கிடப்பதாக போர்டு நினைத்துச் சார்ஜை நிறுத்திவிடும். ஷார்ட் ஆனால் கொதிக்கிறது என்று நினைத்து நிறுத்தும். பிளக்கில் தெர்மிஸ்டர் பின்னுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே ஓம் பாருங்கள். அறைச் சூட்டில் 10 கிலோ ஓம் அருகே வந்து, பேட்டரியை உள்ளங்கையில் பொத்தும்போது குறைந்தால் அது சரி, கோளாறு போர்டு பக்கம்.

அங்கே ஒரு 10 கே ரெசிஸ்டரைப் போட்டு ஏமாற்றுகிற வழக்கம் உண்டு. சோதனைக்கு ஐந்து நிமிடம் போடலாம். அப்படியே மூடி ஒரு குழந்தையின் கையில் கொடுக்கக் கூடாது. பேட்டரி எவ்வளவு சூடானாலும் அந்த ரெசிஸ்டர் ‘25 டிகிரி’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஐபேடுக்கும் இதுதானா?

வேறு. பல ஐபேட் மாடல்களில் பேட்டரி இணைப்பு போர்டின் அடியில் இருக்கிறது. பிளக் இல்லை, ஸ்பிரிங் போன்ற தொடுமுனைகள் அழுத்திக்கொண்டு நிற்கும், மேலே ஒரு திருகு. துண்டிப்பதற்காக மெல்லிய அட்டையை உள்ளே தள்ளுவார்கள். கோணம் தவறினால் இந்த ஸ்பிரிங்குகள் வளையும். வளைந்ததை நிமிர்த்தினால் ஒருமுறை நிற்கும், அழுத்தம் முன்போல் வராது. இதை முதல் வேலையாக எடுத்துப் பழக வேண்டாம்.

மழையில் பையோடு நனைந்தது. கனெக்டர் பச்சையா இருக்கு.

சார்ஜில் போடாதீர்கள். அரிசிக்குள் புதைப்பதால் பச்சை போகாது. பேட்டரியைக் கழற்றி, ஆல்கஹாலும் பிரஷும் கொண்டு தேயுங்கள். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் கனெக்டரின் அடியில் உப்பு தங்கி, பாசிட்டிவுக்கும் பக்கத்துப் பின்னுக்கும் நடுவே கசிய வைக்கும். பின்கள் கறுத்திருந்தால் கனெக்டரை எடுத்து அடியைக் கழுவிப் புதியது போடுவதே சரி.

பேட்டரி உப்பியிருக்கு. கனெக்டரை மட்டும் சரிபண்ணித் தர முடியுமா?

முடியாது, எந்தக் கடையிலும் கேட்காதீர்கள். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது, அழுத்தக் கூடாது, உலோகத்தால் நெம்பக் கூடாது. ஒட்டியிருக்கும் பசையை ஆல்கஹால் விட்டு ஊறவைத்து, பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல விடுவிக்க வேண்டும். புதிய பேட்டரியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஐஎஸ் 16046 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழையதைக் காலைக் குப்பை வண்டியில் உலர் குப்பையோடு போடாதீர்கள். அழுத்தும் இயந்திரத்துக்குள் போனால் தீப்பிடிக்கும், அதைக் கையால் பிரிக்கிறவர்களுக்குத்தான் முதல் காயம். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. முனைகளை இன்சுலேஷன் டேப்பால் மூடி, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமோ கொடுங்கள். கொடுக்கும் நாள் வரை மணல் போட்ட மண்சட்டியில், வீட்டுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.